வனிலா மாவும் நெல்லுத் தராசும்

இந்த நாட்டில் என் நிறையைப் பார்ப்பதற்கு ஒரு பெண் கதவைச் சாத்திவிட்டு வருகிறாள். சுவிசில் எங்கள் குடும்ப வைத்தியரிடம் வேலை செய்கிற தாதி அவள். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறுவேன். அவள் குனிந்து பார்ப்பாள், ஒன்றும் பேசமாட்டாள். ஒரு சின்னக் கடதாசியில் இலக்கத்தை எழுதி, இரண்டாக மடித்து, என் கையில் வைப்பாள். வெளியே காத்திருப்பவர்களின் காதில் விழக் கூடாதாம். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. தொண்ணூற்று நாலு கிலோவை மடித்து ஒளிக்கலாமா? தெருவில் எதிரே வருகிறவனுக்கு என் வயிறுதானே முதலில் தெரிகிறது? அன்றைக்கு அப்படிச் சிரித்தேன். அந்த மடித்த கடதாசி எதற்கென்று எனக்கு விளங்குவதற்குள் என் மகள் பட்டினி கிடந்துவிட்டாள்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலருக்கு, ஊரைப் பற்றி இனிமையாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று டீச்சர் கேட்டார். இனிமையாக வராது டீச்சர். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், ஒரு ஹோட்டல் சமையலறையில் நாள் முழுக்க நிற்கிறவன். கோபம் வந்தால் மறைத்து எழுதத் தெரியாது. பிள்ளைகளே, இது உங்களுக்குத்தான். ஊரில் இருக்கிற மாமா மாமிமாரும் வாசிக்கட்டும். மகளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க அப்பா. ஆனா என்ட நம்பரை எழுதக்கூடாது" என்றாள். எழுதமாட்டேன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருசம் சீமெந்துத் தரையில் நின்று என் வலது முழங்கால் தேய்ந்துபோனது. சத்திரசிகிச்சை செய்யலாம், ஆனால் அதற்கு முன் பத்துக் கிலோ குறையவேண்டும் என்றார் வைத்தியர். ஒரு டின்னைக் காட்டினார். இடுப்பைச் சுற்றி அளவு நாடா பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி அதில் சிரித்தாள். உள்ளே வனிலா வாசத்தோடு மா. தண்ணீரில் கரைத்து, நாளுக்கு ஒரு நேரச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கவேண்டும். 'மால்ட்சைட்' என்றார், ஜெர்மன் மொழியில் ஒரு வேளைச் சாப்பாடு. அந்தச் சொல் எனக்கு நன்றாகவே தெரியும். இரண்டு மாதம் ஒரு நாள்கூட விடாமல் குடித்தேன். பிறகு தராசில் ஏறினால் தாதியின் கடதாசியில் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

"சாப்பாட்டுக்குப் பதிலாகத்தானே குடித்தீர்கள்?" என்று கேட்டாள்.

"ஓம். ஒவ்வொரு நாளும்."

"நேற்று மத்தியானம்?"

"மாவைக் குடித்தேன். பாணும் சீசும் கொஞ்சம்."

"இரவு?"

"சோறு."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு என்ன விளங்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு நேரமாகக் கேட்டு எழுதி முடித்த பிறகுதான் பிடிபட்டது. எனக்குச் சாப்பாடு என்றால் சோறு. பாண் ரொட்டி தின்றால் அது சாப்பாடு இல்லை, பசியை அடக்க ஏதோ கடித்தது. பிட்டு காலைக்குரியது, அதுவும் கணக்கில் வராது. மேசையில் இருந்து, கையால் பிசைந்து தின்றால்தான் 'சாப்பிட்டாச்சு'. அந்தச் சாப்பாட்டை நான் ஒரு நாளும் விடவில்லை. மாவை அதற்கு மேலதிகமாக ஊற்றியிருக்கிறேன், பிள்ளைக்குப் பால் கொடுப்பதுபோல. தாதி சிரிக்கவில்லை. இரவுச் சோற்றுக்குப் பதிலாக இது, இது மட்டும், என்று பெரிய எழுத்தில் எழுதித் தந்தாள். நான் வெட்கத்தில் வீட்டுக்கு வந்து, 'இந்த மா வேலை செய்யாது, ஏமாற்று' என்று மனைவியிடம் கத்தினேன். மகள் பக்கத்து அறையில் இருந்தாள். பதினாலு வயது. நான் கத்தியது முழுக்க அவளுக்குக் கேட்டிருக்கும்.

அந்த ஆடி ஆவணியில் நானும் மகளும் ஊருக்குப் போனோம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. வவுணதீவில் அக்காவின் வீடு. சிறுபோக நெல்லு வெட்டு நேரம். முற்றத்தில் நெல்லு மூடைகள் அடுக்கியிருந்தன. சூட்கேசைத் திறந்ததும் அக்கா கண்டது இந்த டின்னைத்தான்.

"இதென்ன தம்பி, குழந்தைப்பிள்ளைப் பால்மாவா?"

"இல்லக்கா. ராவைக்கு இதைத்தான் குடிக்கிறது. சோறு வேணாம்."

"சோறு வேணாமா? சின்னதில அகதி முகாமில மாக்கஞ்சி தந்த நேரம், சோறு தா சோறு தா எண்டு கையைக் காலை அடிச்சு அழுத நீ. இப்ப பிளேன்ல ஏத்திக்கொண்டு வந்து மாவைக் குடிக்கிறியா?"

சொல்லிவிட்டு இறால் கறியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் இருந்து வந்தவன் ஒரு வீட்டில் சோறு தின்னாமல் எழும்பினால், அந்த வீட்டோடு கோபம் என்று அர்த்தம். நான் வீடு வீடாகத் தின்றேன். இரவில் வந்து, மனச்சாட்சிக்காக மாவையும் குடித்தேன். வைத்தியர் சொன்னது ஒன்று, தாதி எழுதித் தந்தது ஒன்று, நான் செய்தது மூன்றாவது.

நான்காம் நாள் பின்னேரம் கடைசி மூடையும் நிறுத்தாயிற்று. அத்தானிடம் சிவப்பு எழுத்தில் இலக்கம் ஓடுகிற தராசு இருக்கிறது. மூடையைத் தூக்கி வைத்தால் முற்றத்தின் மறுமுனையில் இருந்தும் வாசிக்கலாம். எங்கள் முற்றத்தில் ஒரு பழக்கம். கடைசி மூடை இறங்கியதும் ஆட்கள் ஏறுவார்கள். போன போகத்தைவிட நிறை கூடியவனுக்குக் கைதட்டு. ஏனென்றால் அந்த வருசம் அவன் வீட்டில் நல்லாய்ச் சாப்பிட்டிருக்கிறான். மெலிந்தவனைப் பார்த்து 'என்ன, வீட்டில பொண்டாட்டி சோறு போடலையா' என்று கேலி. நான் சின்ன வயதில் அந்தத் தராசில் ஏறும்போது, கூடவேண்டுமென்று பையில் கல்லுப் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறேன்.

அத்தான் மகளைக் கூப்பிட்டார். "வா மகள், சுவிஸ் மூடையை ஏத்துவம்!"

அவள் என்னைப் பார்த்தாள். நான், "ஏறு, ஏறு" என்றேன். ஏறினாள். சிவப்பில் இலக்கம் வந்தது. அத்தான் கோயில் ஒலிபெருக்கிபோல உரத்து வாசித்தார்.

"பார்த்தியாகா!" என்று, பெண்களைக் கூப்பிட எங்கள் பக்கம் போடுகிற 'கா'வோடு அக்காவைக் கூப்பிட்டார். "ஒரு நெல்லு மூடைதான் இவள்! நல்ல வாளிப்பு!"

மூடை தூக்க வந்தவர்களில் ஒருவர், "சீஸ் தின்ட உடம்பு அத்தான், நெல்லைவிட விலை கூட" என்றார். முற்றமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிள்ளைகளே, இந்தக் கட்டுரையில் நான் எழுத ஆகக் கஷ்டப்பட்ட வசனம் அதுதான். நானும் சிரித்தேன்.

அத்தானின் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும், அவர் பிள்ளையை மெச்சத்தான் மெச்சினார். அவருக்குத் தெரிந்த மொழியில் அது கைதட்டு. என் மகள் வளர்ந்த ஊரிலோ அந்த இலக்கத்தை மடித்துத் தருகிறார்கள். அத்தானுக்கு அந்த ஊர் தெரியாது. எனக்குத் தெரியும். இரண்டு ஊரும் தெரிந்த ஒரே ஆள் அந்த முற்றத்தில் நான்தான். அந்த ஆள்தான் 'ஏறு' என்று சொன்னான்.

அதற்குப் பிறகு அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். காலையில் பிட்டுக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவாள், வீட்டு நாயும் பின்னாலேயே போகும், வெறும் கோப்பையோடு வருவாள். அக்காவுக்குச் சந்தோசம். "என்ட பிட்டு நல்லாப் பிடிச்சிட்டு இவளுக்கு" என்றாள். ஒரு கிழமை கழித்து, பக்கத்து ஆட்களின் வயலில் வெட்டு மெசின் பார்க்க எல்லோரும் வட்டைக்குப் போனோம். பெரிய வயல்வெளி, நிழல் இல்லை. வரம்பில் நடந்து வந்தவள் திடீரென்று குந்திவிட்டாள். முகம் வெள்ளைத்துணி. அக்கா ஓடிப்போய் இளநீர் வெட்டுவித்து வாயில் வைத்தாள்.

"காலையில என்னகா தின்ட?"

"பிட்டு மாமி."

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வீட்டில நாய் ஏன் ஒரு கிழமையா மினுங்குது எண்டு நானும் யோசிச்சன்" என்றாள், மெதுவாக.

வீட்டுக்கு வந்ததும் டின்னைத் திறந்தேன். சமையலறையில் வேலை செய்கிறவனுக்குக் கரண்டிக் கணக்குக் கைக்குள் இருக்கும். அந்தப் புது டின்னில் நான் குடித்தது பத்துப் பன்னிரண்டு கரண்டிதான். டின்னின் அடி தெரிந்தது.

கத்தினேன். அக்கம்பக்கம் கேட்கக் கத்தினேன். யாருக்குத் தந்தது இது, வைத்தியர் யாருக்குச் சொன்னார், வளர்கிற பிள்ளை நீ, என்னைப் போலக் கிழவனா? அவள் அழவில்லை. கட்டிலின் ஓரத்தில் இருந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் சிரிச்சீங்க அப்பா."

நான் டின்னின் மூடியைத் தேடி எடுத்து மூடினேன்.

"பிறகு என்னோட ஒண்டும் கதைக்கல்ல. நீங்க குடிக்கிறதைத்தான் நானும் குடிச்சன். நீங்க சோறும் திண்டு மாவும் குடிக்கிறபடியாத்தான் உங்களுக்குக் குறையல்ல. நான் சரியாச் செய்தன்."

அவள் நான் செய்த பிழையைத் திருத்தியிருக்கிறாள். என் பிழையைப் பார்த்துப் படித்து, ஒரு நேரத்துக்குப் பதிலாக மூன்று நேரத்துக்கும் மாவைக் கரைத்திருக்கிறாள். நான் டின்னைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு நடந்தேன். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அக்கா பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஆத்தில எறியாத! இருக்கிற இறாலும் மெலிஞ்சு போயிடும்."

அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும் வந்தது. பிறகு அவள் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள், "டின்னில என்ன பிழை? தராசிலதான் பிழை. அத்தானுக்கு நான் சொல்றன், நீ உன்ட பிள்ளைட்டப் போ." அன்றிரவு அத்தான் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். "மகள், மாமாவுக்குத் தெரியாது மகள்" என்றார். அடுத்த நாள் தராசுக்கு ஒரு சாக்கைப் போட்டு மூடியிருந்தார், பிணத்தை மூடுவதுபோல. மிச்ச மாவை அக்கா கோழிக்குக் கொட்டினாள். கோழி இரண்டு கொத்துக் கொத்திவிட்டுப் போய்விட்டது.

திரும்பி வந்து முதல் வேலையாக மகளை வைத்தியரிடம் கூட்டிப்போனேன். தாதி கதவைச் சாத்தினாள். மகள் தராசில் ஏறினாள். இந்தத் தடவை கடதாசியை மடித்து மகளின் கையில் கொடுத்தாள். நான் கையை நீட்டினேன். தாதி மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"இது அவளுடையது" என்றாள்.

"என் பிள்ளை" என்றேன்.

"ஓம், உங்கள் பிள்ளை. கடதாசி அவளுடையது."

என் இரத்தம் கொதித்தது. பிள்ளையைப் பெற்றவனுக்கு ஒரு இலக்கத்தைக் காட்டமாட்டார்களாம்! ஊர் முற்றத்தில் கூலிக்கு வந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த இலக்கம். அப்படி நினைத்த அந்த இடத்திலேயே கை தானாகக் கீழே வந்தது. மகள் கடதாசியைப் பிரிக்காமல் காற்சட்டைப் பைக்குள் வைத்தாள். வைத்தியர் அவளோடு தனியாகக் கதைத்தார். வளர்கிற பிள்ளைக்கு அந்த மா வேண்டாம், மூன்று நேரமும் ஒழுங்காகச் சாப்பிடவேண்டும், தொடர்ந்து வந்து காட்டவேண்டும் என்று எனக்கும் சொன்னார். இப்பவும் மாதத்துக்கு ஒருமுறை போகிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். சில நாள் சாப்பிடுகிறாள், சில நாள் கறியைக் கிளறிக்கொண்டிருக்கிறாள்.

அப்போ நான் அந்த மாவை விடுவதா, குடிப்பதா? விட்டால் முழங்கால் போகும், முழங்கால் போனால் வேலை போகும். குடித்தால் மகள் பார்ப்பாள். மனைவியோடு மூன்று நாள் சண்டை பிடித்தேன். ஒளித்து வைத்துக் குடியுங்கள் என்றாள் அவள். ஒளித்துத்தானே இவ்வளவும் வந்தது? கடைசியில் மகளை மேசையில் இருத்திக் கேட்டேன். "அப்பா இதைக் குடிச்சா உனக்கு என்ன செய்யும்?"

"எங்களோட இருந்து குடிங்க. சோறு தின்னாம, அது மட்டும். குறைஞ்சாலும் கூடினாலும் என்னட்டச் சொல்லவேணாம்" என்றாள்.

அப்படித்தான் செய்கிறேன். இரவில் அவர்கள் சோறு தின்ன, நான் அந்த வனிலாத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் குடிக்கிறேன். எனக்கு அது இன்றைக்கும் சாப்பாடு இல்லை. குடித்து முடித்த பிறகும் கை சோற்றைத் தேடுகிறது, பிசைவதற்கு ஒன்றும் இல்லாமல் மேசையில் கிடக்கிறது. கோபம் வருகிறது, அந்த டின்னில் சிரிக்கிறவளின் மேல், சாப்பாட்டைக் கண்டு பயப்படப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற இந்தப் படங்களின் மேல். மூடையையும் பிள்ளையையும் ஒரே தராசில் ஏற்றுகிற எங்கள் ஆட்களின் மேலும்தான். நிறை குறைந்துகொண்டு வருகிறது. எவ்வளவு என்று யாருக்கும் சொல்லவில்லை. கடதாசி என் பைக்குள் இருக்கிறது, மடித்தபடி.

எங்கள் அலுமாரியில் இப்போது ஒரே மாதிரி இரண்டு டின் இருக்கின்றன. ஒன்று நான் புதிதாக வாங்கியது. மற்றது ஊரில் அக்கா கழுவிக் காயவைத்து, வறுத்த சிவப்பரிசி மா நிரப்பித் தந்துவிட்டது. இரண்டிலும் அதே பெண் அதே நாடாவைப் பிடித்துச் சிரிக்கிறாள். வெளியில் இருந்து பார்த்தால் எது எந்த ஊர் என்று எனக்கே தெரியாது, மூடியைத் திறந்து மணக்கவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் அலுமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு டின்னை எடுத்தாள். மூடி கழன்றது. நான் எழும்பிப் போகவில்லை. பிறகு தண்ணீர் கொதிக்கிற சத்தம், மாக் குழைக்கிற சத்தம், தேங்காய்ப்பூ எங்கே என்று தாயைக் கேட்கிற சத்தம். கோப்பையோடு வந்து எனக்கு எதிரே இருந்தாள். எவ்வளவு போட்டிருக்கிறாள், எவ்வளவு தின்கிறாள் என்று பார்க்க என் கண் துடித்தது. தராசு என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். வெளியே இந்த ஊரின் ஏரி, பனி மூடிக் கிடந்தது. மேசைப்பக்கம் சிவப்பரிசிப் பிட்டின் மணம். நான் அந்த வெள்ளை ஏரியையே பார்த்துக்கொண்டு, அவளின் கரண்டிச் சத்தத்தைக் கேட்டபடி இருந்தேன்.