சோதனைச் சாவடி என்று நினைத்து இறங்கினேன்

புகழெல்லாம் படைத்தவனுக்கே. பழி முழுக்க எனக்குத்தான், அதையும் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் நானும் மனைவியும் இலங்கை மருதமுனையிலிருந்து மலேசியா போனோம். எனக்கு அறுபத்தாறு வயது. சுனாமி வீட்டையும் மகனையும் கொண்டுபோயிருந்தது. மிஞ்சிய ஒரே மகள் ஈப்போவில் கணவனோடு இருந்தாள். “வாப்பா, பஸ்ஸில வாங்க” என்று படித்துப் படித்துச் சொன்னாள். சவளக்கடையிலிருந்து முப்பது வருஷம் நெல் லொறி ஓட்டியவனுக்குப் பஸ்ஸா? விமான நிலையத்திலேயே வாடகைக்குக் கார் எடுத்தேன்.

கவுண்டரில் இருந்த பெண் என் லைசனைப் பார்த்தாள், வெள்ளைத் தாடியைப் பார்த்தாள், மறுபடி லைசனைப் பார்த்தாள். எரிச்சல் அங்கேயே தொடங்கியது. கொடுத்த காரில் கிளட்சே இல்லை. என் இடது கால் அதைத் தேடித் தேடிப் பிரேக்கை மிதித்தது. பெயர்ப் பலகைகளோ வாசித்து முடிப்பதற்குள் பின்னால் போய்விட்டன. திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் எதிர்த் திசையில் ஓடியிருக்கிறேன்!

“புள்ளட வாப்பா, கடையொண்டக் கண்டா நிப்பாட்டுங்க. ஊசி போட்டிட்டன், ஒண்டும் தின்னல்ல” என்றாள் மனைவி.

“பாதையே தெரியாம நான் நிக்கன், உனக்குச் சாப்பாடு! கொஞ்சம் கதையாம இரி.”

கதையாமல் இருந்தாள். அவளுக்கு நீரிழிவு. ஊசி போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? கோபித்துக்கொண்டு இருக்கிறாள் என்று நினைத்து நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முன்னால் பாதைக்குக் குறுக்கே ஒரு தடி. பக்கத்தில் சீருடை போட்டவர். யுத்த காலத்தில் அதைக் கண்டால் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையோடு நடந்துதான் கடப்போம். யோசிக்கவே இல்லை. எஞ்சினை நிறுத்தினேன், இறங்கினேன், இலங்கை அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்தேன். அது பாதைக்குக் காசு வாங்கும் சாவடி என்பது பிறகுதான் தெரிந்தது! பின்னால் ஹோர்ன் அலறியது.

அவள் மட்டும் இறங்கவில்லை. “இறங்கு புள்ள! இங்கயும் பிடிவாதமா?” என்று திரும்பி வந்து கதவைத் திறந்தேன். உடம்பெல்லாம் வியர்வை. தலை தொங்கிக் கிடந்தது. கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை.

“யா அல்லாஹ், மகன எடுத்தாய், பொறுத்தன். என்ட வாய்க்கொழுப்புக்கு இவவ எடுத்திராத!” நடு வீதியில் நின்று கத்தினேன்.

பின்னால் நின்ற லொறிக்காரர் ஏச வந்தவர். தமிழர். “சுகர்” என்று நான் சொன்னதுதான், தன் லொறிக்கு ஓடிப்போய், பையில் கட்டி உறிஞ்சுகுழாய் செருகிய பால் தேத்தண்ணியைக் கொண்டுவந்தார். விரலில் தொட்டுத் தொட்டு அவள் உதட்டுக்குள் தடவினோம். அவள் நாக்கு அசைந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

கண் திறந்து முதலில் சொன்னாள்: “காரை ஓரமா விடுங்க. ஆக்கள் நிக்காங்க.”

அன்று நான் இறங்காமல் காசைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், மகள் வீட்டு வாசலில் அவளை உயிரோடல்ல, மையித்தாகத்தான் இறக்கியிருப்பேன். இப்போது அவள் நிறுத்து என்றால் நிறுத்துகிறேன், ஏன் என்று கேட்பதில்லை. சகோதரர்களே, படைத்தவனிடம் கேளுங்கள். நல்ல வாய் வரட்டும், மனம் அமைதியாகட்டும் என்று காத்திராமல் கேளுங்கள். நான் அடக்கமாகக் கேட்கவில்லை, சண்டை பிடித்தேன். அதையும் துஆ என்றே ஏற்றுக்கொண்டான்.