கேசட்டுக்குள் ஒரு பெயர்

இன்று கூரியரில் வந்த பழைய வீடியோ கேம் கேசட்டைப் பிரித்ததும் எழுந்த பிளாஸ்டிக் வாசனை, என்னைக் கூடலூர் ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கேம் கடைக்குக் கொண்டுபோய்விட்டது. வெளியே டிரைவர்கள் "குமுளி, குமுளி" என்று கூவிக்கொண்டிருக்க, ஏலக்காய் மூட்டைகளின் மணம் உள்ளே வர, அந்த இருட்டறையில் நானும் என் கூடப்பிறந்த பாண்டியண்ணனும் ஒரே விளையாட்டை மாதக்கணக்கில் ஆடுவோம். ஊர் ஊராக நடந்து, ஆள் சேர்த்து, அரக்கனைத் தேடிப் போகும் கதை அது. நிறுத்திய இடத்தை, கேசட்டுக்குள் இருக்கும் சின்ன பேட்டரி அண்ணன் பெயரிலேயே காத்து வைத்திருக்கும்.

சாலையை அகலப்படுத்தக் கடையை இடித்தபோது, கடைக்காரர் அந்தக் கேசட்டை அண்ணனுக்கே கொடுத்துவிட்டார். பிளஸ் டூவில் தோற்ற அன்று அதையும் பையில் போட்டுக்கொண்டு ஜீப் ஏறியவன் திரும்பவே இல்லை.

அந்த விளையாட்டின் கேசட் எங்கே விற்பனைக்கு வந்தாலும் வாங்கிவிடுகிறேன். பழைய கேசட் சேர்க்கும் மற்றவர்கள் அட்டைப் பெட்டியையும் கிழியாத லேபிளையும் பார்த்து மதிப்புப் போடுவார்கள். நான் உள்ளே இருக்கும் பெயர்களை மட்டும் பார்ப்பேன்.

இன்று வந்ததை மெஷினில் செருகியபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திரையில் பெயர்கள் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது.

"இதுலயாச்சும் அவென் பேரு இருக்கா ஆத்தா?"

"பேட்டரி செத்துருச்சும்மா. இருந்த பேரெல்லாம் அழிஞ்சுபோச்சு."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இது அவனோடது இல்லைன்னும் சொல்ல முடியாதுல்ல?"

"முடியாதும்மா" என்றேன்.

அவள் கேசட்டைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதைத் திரும்பக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.