மாளிகைப் படியில் சிரித்த ஹெட்விக் அன்ரி

ஹெட்விக் அன்ரி போன செவ்வாய்க்கிழமை காலை காலமானார். பேர்லினுக்கு வெளியே, எங்கள் கல்யாண மாளிகை வாசலில் இருக்கும் சின்ன வீட்டில். "கோப்பிக்குச் சீனி போதாதெண்டு ஏசிப்போட்டுத்தான் போனவ" என்று பராமரித்த பிள்ளை தொலைபேசியில் சொன்னாள். அங்கே தாலி கட்டிய உங்கள் எல்லோருக்கும், முன்வரிசையில் இருந்து வடை கேட்ட முகம் நினைவிருக்கும்.

பேர்லின் நொய்கெல்ன் பகுதியில் மரக்கறிக் கடையோடு தொடங்கியவன் நான். கல்யாண மண்டபத்துக்கு இடம் தேடி அலைந்தபோது, ஹெட்விக் அன்ரி தன் மாளிகையை விலைக்கு விட்டார். ஹோட்டல்காரர் ஒருவர் என்னைவிடக் கூட்டிக் கேட்டிருந்தார். விட்டால் அப்படி ஓர் இடம் எனக்குக் கிடைக்காது.

அன்ரி படியோரம் தொங்கிய படங்களைக் காட்டினார். "இவர் கட்டின பிரபு. சீட்டாட்டத்தில வீட்டை விட்டவர். இவர் பிறகு வாங்கின செங்கல் சூளைக்காரர். இவர் என்ர தாத்தா, உருளைக்கிழங்கு வியாபாரி." அடுத்தது, அந்தக் காலக் கிழக்கு ஜேர்மன் அரசாங்கம் வீட்டை எடுத்துப் பாலர் பள்ளி நடத்திய காலத்துப் பிள்ளைகள். கடைசியில் இளவயது அன்ரி. வீட்டைத் திரும்ப வாங்கியவர். "வாங்கின ஒருத்தரும் முந்தின ஆக்களைக் கழற்றேல்லை. ஹோட்டல்காரர் கழற்றுவாராம்."

"நான் கழற்றமாட்டன்."

"வாயால எல்லாரும் சொல்லுவினம். ஒரு கல்யாணம் நடத்திக் காட்டுங்கோ, பாப்பம்."

என் மகளின் கல்யாணத்தையே அங்கு வைத்தேன். அன்று காலை போய்ப் பார்த்தால், சோடனை செய்த என் மனைவியின் தம்பி எல்லாப் படங்களுக்கும் மாலை போட்டுப் பொட்டும் வைத்திருந்தான். அன்ரியின் படத்துக்கும்தான்.

"உயிரோட இருக்கிற மனுசிக்கு மாலை போட்டுட்டியேடா. வீடு போச்சு" என்றாள் மனைவி.

"எல்லாம் பழைய ஆக்கள் எண்டு நினைச்சிட்டன், அக்கா."

கழற்றுவதற்குள் அன்ரி வந்துவிட்டார். ஏன் மாலை என்று கேட்டார். மழுப்பினால் பிறகு பிடிபடும். செத்தவர்களின் படத்துக்குப் போடுவது, பிழை எங்களுடையது என்று சொல்லிவிட்டேன். அவர் தன் படத்தைப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கியவர், சிரிப்புத் தாங்காமல் படியிலேயே இருந்துவிட்டார்.

"தாத்தாவுக்குப் பொட்டு வடிவா இருக்கு. இந்தச் சுவருக்கு ஒருத்தரும் இதுவரை பூக் கொண்டுவரேல்லை."

எத்தனையோ பேரம் பேசியிருக்கிறேன். எதிரில் இருந்தவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அந்தச் சிரிப்பை மனதில் வைத்திருக்கிறேன். நேற்று அதே தம்பியைக் கொண்டே அவர் படத்துக்கு மாலை போடுவித்தேன். மகளின் கல்யாணத்தன்று வாழையிலைக்கு முன்னால் கைகொடுத்து நாங்கள் ஒத்துக்கொண்டது இதுதான்: விலை நான் கேட்டபடி; சின்ன வீடு கடைசிவரை அவருக்கு; கல்யாணந்தோறும் முன்வரிசையில் ஒரு கதிரையும் இரண்டு வடையும்; படங்கள் இருந்த இடத்தில் இருக்கும்; அவர் படத்து மாலையை இப்போதைக்குக் கழற்றி, உரிய நாளில் திரும்பப் போடுவது.