அமெரிக்காவின் ஒரே க்ரோத்வெய்ட் குடும்பம்

போன வாரம் எங்கள் பார்சிப்பனி ஊர்த் தமிழ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: "மிஸஸ் கே. க்ரோத்வெய்ட் காலமானார்." யாரோ வெள்ளைக்கார அம்மாள் என்று நினைத்துச் சிலர் கும்பிடும் கைகளை அனுப்பினார்கள். ஒருவர், குழு மாறிப் போட்டுவிட்டீர்கள் என்று திருத்தினார். "நம்ம கோகிலாங்க" என்று நான் எழுதினேன்.

ஈரோட்டுக் கோகிலா அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரி. க்ரோத்வெய்ட் என்ற பெயர் இங்கிலாந்தில் பிறந்த அவள் கணவர் ஆலனுடையது. அமெரிக்காவில் அந்தக் குடும்பப் பெயர் அவர்கள் வீட்டில் மட்டும்தான். பல் மருத்துவரிடம் போனால், "மிஸஸ் க்ரோத்வெய்ட்" என்று கூப்பிடும் பெண், எழுந்து நிற்கும் கோகிலாவைத் தாண்டி வாசலைப் பார்ப்பாள்.

அந்தப் பெயரின் முன்பாதிக்குக் காக்கை என்று பொருள். பின்பாதி, கடல் தாண்டி வந்து வட இங்கிலாந்தில் குடியேறியவர்களின் பழைய சொல். காட்டை வெட்டித் திருத்திய நிலம். ஆலன் இதை விருந்தாளிகளிடம் விஸ்தாரமாக விளக்குவார். "காக்காப்பட்டின்னு சொன்னா முடிஞ்சுது" என்பாள் கோகிலா. தன் பெயரில் குயில் இருப்பதால் சரியான கூட்டுக்குத்தான் வந்திருக்கிறேன் என்றும் சொல்வாள்.

ஆலன் இறந்த மறுவருடம், அந்தப் பெயர்க்காரர்கள் வட இங்கிலாந்தில் கூடுவது தெரிந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பட்டுப்புடவையில் நுழைந்தவளை வழி தவறிய சுற்றுலாப் பயணி என்று எண்ணிய கூட்டத் தலைவர், பேருந்து நிறுத்தம் எதிர்ப்பக்கம் என்று அன்பாகச் சொன்னார். சுவரில் உலகப்படம். அந்தப் பெயருள்ள வீட்டுக்கு ஒன்றாக, இங்கிலாந்தின் இரண்டு பள்ளத்தாக்குகளில் நெருக்கமாகப் புள்ளிகள். அமெரிக்காவில் ஒன்றே ஒன்று. கோகிலா அதன்மேல் விரலை வைத்து, அது தன் வீடு என்றாள். உடனே தேநீர் வந்தது.

மகன்கள் குறைவு, மகள்கள் கல்யாணமானதும் பெயரை விட்டுவிடுகிறார்கள், இன்னும் கொஞ்ச காலம்தான் என்று தலைவர் வருந்தினார். எங்கள் ஊரில் அப்பாவின் பெயரே ஓர் எழுத்துதான், கல்யாணமானால் அதுவும் மாறிவிடும் என்று கோகிலா ஆறுதல் சொன்னாள். அவர் கலங்கிப்போய் அவளுக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தார்.

திரும்பும் விமானத்தில், தன் ஒரே மகளை நினைத்து மெதுவாகக் கேட்டாள்: "மீராவுக்கு அப்புறம் ஆலன் பேரு இங்க இருக்காதில்ல?"

கல்யாணமானதும் பெயரை விட்டுவிடாதே என்று மகள் மீராவிடம் கேட்கக் கோகிலாவுக்கு மனமில்லை. மாப்பிள்ளை கார்த்திக்தான், சம்பந்திகள் சாப்பிட வந்த அன்று, தன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பது அப்பாவின் சொந்தப் பெயர்தான், பரம்பரைப் பெயர் இல்லை, அதனால் மீராவின் குடும்பப் பெயரையே வைத்துக்கொள்கிறேன் என்றான். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அவன் அப்பா பழனிசாமி சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"உங்க பேரு எங்கயும் போகலீங்க சம்பந்தி," என்றாள் கோகிலா. "இனிஷியலா முன்னால நிக்குது. எங்க பேரு பின்னால வந்துட்டுப் போகட்டும்."

அவர் யோசித்தார். "முன்னாலதானுங்களே?" என்று உறுதி செய்துகொண்டு ரசம் கேட்டார். கோகிலா பரிமாறிவிட்டுச் சமையலறைக்குள் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் மட்டும் பார்த்தேன்.

கடைகளில் பெயர் கேட்டால் "டினா" என்று சொல்லித் தப்பிக்கும் என்னை அவள் விட்டதே இல்லை. "கேக்கறவங்களுக்கு வேலையே அதுதான். எழுத்து எழுத்தாச் சொல்லு" என்பாள். இறுதிச் சடங்கில் அவளை வழியனுப்பிவிட்டுத் திரும்பிய அன்று காபிக் கடையில் பெயர் கேட்டார்கள். திரிபுரசுந்தரி என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். பின்னால் வரிசை நீண்டது. நான் அவசரப்படவில்லை.