ரப்பர் புழுவின் கழுத்துக்கட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ரப்பர் புழுவுக்குக் கழுத்துக் கட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதை இன்றைக்கும் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறேன்.

அம்மாவின் தம்பியான மாமா, துரை பங்களாவில் பூச்செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீமைக்குத் திரும்பிப் போன பழைய துரை, தூண்டிலோடு ஒரு பொட்டலம் ரப்பர் புழுவையும் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஊதா நிறம். விரலில் பிடித்தால் உயிருள்ளது போல நெளியும். தேயிலைத் தூரை ஒரு கொத்துக் கொத்தினால் மண்புழு கிடைக்கும் ஊரில், மாமா ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் பொட்டலத்தோடு தோட்டத்துக் குளத்துக்குப் போவார்.

"புழுவே ரப்பர்னா, மாப்பிள, மீனு என்ன தகரமா?" என்று அப்பா வாசலிலிருந்தே கேட்பார்.

ஆனால் குளத்து விரால் அதைக் கவ்வத்தான் செய்தது. அதுவே தொல்லையாகவும் ஆனது. இரண்டு கடியில் புழு தூண்டில் முள்ளிலிருந்து வழுக்கிச் சுருண்டு, தலை கிழிந்துவிடும். பொட்டலம் வேகமாக இளைத்தது. பதுளைக் கடைகளில் விசாரித்தால், சாமான் பெயரைக் கேட்டே சிரித்தார்களாம்.

அந்த வருடக் கடைசியில் நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை முடித்தேன். மேலே படிக்க லுணுகலை டவுனுக்குப் போக வேண்டும். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் அந்தப் பக்கம் படிக்கப் போனதில்லை.

"பேரு வாசிக்கத் தெரியுது, போதும்" என்றார் அப்பா. "நாளைக்குக் கொழுந்தெடுக்கப் போற புள்ளைக்கு லுணுகலைப் படிப்பு என்னத்துக்கு?"

நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். மாமாவின் கிழிந்த புழு ஒன்று அங்கே கிடந்தது. அழுதுகொண்டே அதை எடுத்து நோண்ட ஆரம்பித்தேன்.

கத்தி நுனியை விளக்கில் காட்டி, கிழிசலைத் தொட்டேன். உருகி ஒட்டிக்கொண்டது. முள்ளைத் தலையில் கொஞ்சமாகக் குத்தி, உடனே வெளியே எடுத்து, திருப்பி, நுனியை வயிற்றுக்குள் புதைத்தேன். அப்படிச் செய்தால் புல்லில் மாட்டாது என்பது மாமாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அதற்குப் பிறகு செய்ததுதான் என்னுடையது. சிவப்பு நூலைப் புழுவின் கழுத்தில் நெருக்கமாகச் சுற்றி, நூல் முனையைச் சுற்றுக்கு அடியிலேயே நுழைத்து இழுத்தேன். முடிச்சு வெளியே தெரியவில்லை.

மாமா வந்து புழுவின் வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"இத யாரு சொல்லிக்குடுத்தா?"

"பள்ளிக்கூடத்துல. தையல் பாடத்துல."

அவர் புழுவைப் பார்க்கவில்லை. வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு மழை. மார்கழி மழைக்குக் குளம் டீத்தண்ணி நிறத்தில் கலங்கிக் கிடந்தது. அந்த மழையிலும் மாமா போனார். மாலையில் முழங்கை நீள விராலோடு திரும்பியவர், வழக்கம்போலப் பின்பக்கம் போகாமல், அப்பா நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்த வாசலுக்கே வந்தார்.

"பாத்துக்கங்க மச்சான். ஒங்க மக கட்டிக்குடுத்த புழுவுல வந்தது."

"இந்தக் கலங்கல்ல எப்புடிடா கவ்வுச்சு?"

"கட்டு அப்புடி. தொரைக்கே வராத கட்டு. அஞ்சு படிச்சதுக்கே இப்புடின்னா, இன்னும் படிச்சா என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க."

பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து நின்றேன். அதற்கடுத்த ஞாயிறும் ஒரு விரால் வந்தது. அதைக் கழுவ உட்கார்ந்த அம்மா, செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு மாமாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"என்னா தம்பி, செவுளு இப்புடி வெளுத்திருக்கு? மொனராகலை பஸ்ஸுல சந்தைக்கு வந்த மீனு மாதிரில்ல இருக்கு."

"நம்ம கொளத்து மீனுதான்க்கா. மழையில நனைஞ்சு வெளுத்துருச்சு."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மழையில் மீன் வெளுக்கும் என்ற செய்தியை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

அன்று சோறு தின்னும்போது அப்பா தலை நிமிராமலே சொன்னார். "மாப்பிள, பள்ளிக்கூடம் தொறந்ததும் நீயே கூட்டிட்டுப் போயிச் சேத்துவுடு. எனக்கு அங்கெல்லாம் பேச வராது."

மாமா சட்டைப் பையிலிருந்து புழுவை எடுத்து என் கையில் வைத்தார். "நீயே வச்சுக்க" என்றார். விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு விரால் கடித்த புழுவில் ஒரு பல் தடம்கூட இல்லை. நூல் ஈரமாகவும் இல்லை, சாயமும் போகவில்லை. என் கட்டு அவ்வளவு கெட்டி என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

லுணுகலைப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள், பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையிடம் அதைத்தான் எடுத்துக் காட்டினேன். எங்கே கடித்தது என்று அவள் கேட்டாள். கடித்தாலும் தெரியாது, அப்படிக் கட்டியிருக்கிறேன் என்று சொன்னேன்.