மடியில் ஓர் அரிசிப் பை

கலாநிதி மரியதாஸ் அவர்கள் காலமான செய்தி வந்தபோது, பதுளை மாதா கோயிலின் பின்புற மண்டபத்தில் நாங்கள் அவருக்காகத்தான் காத்திருந்தோம். சனிக்கிழமை காலை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த சுகன்யாவுக்கு அன்று ஒத்திகை. மேசை, மடிக்கணினி, அரிசிப் பை எல்லாம் தயாராக இருந்தன. தாஸைத்தான் காணவில்லை. அவருடைய தம்பி தெமோதரையிலிருந்து அழைத்தார்.

"அண்ணே போயிட்டாருங்க. விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..."

ஒத்திகைக்கு அரிசிப் பை எதற்கு என்று அவரை அறியாதவர்கள் கேட்பார்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

தாஸ் தெமோதரைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்தவர். நானும் லயத்தில் பிறந்தவள்தான், லுணுகலைப் பக்கம். யாராவது ஊர் எது என்று கேட்டால் "லுணுகலை டவுன்" என்பேன். இன்றைக்கும் அப்படித்தான் வாயில் வருகிறது. தாஸ் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, டிவிஷனையும் சேர்த்துச் சொல்வார். பக்கத்தில் நிற்கும் எனக்குக் காது சூடாகும்.

நாங்கள் இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர்களாக ஒரே அறையில் இருந்தோம். மலைச்சரிவில் பெய்கிற மழை மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது என்பது அவருடைய ஆய்வு. பிஎச்.டி. எனும் கலாநிதிப் பட்டம் இல்லாவிட்டால் நிரந்தர வேலை இல்லை. அதற்கு வெளிநாடு போக வேண்டும். எங்கள் வீட்டு நிலைமைக்குப் புலமைப்பரிசில் ஒன்றுதான் வழி.

அவருடைய முதல் நேர்முகப் பரீட்சை கணினித் திரை வழியாக நடந்தது. நல்ல இணையத் தொடர்பு வேண்டுமென்று பதுளை நகரில் ஒரு நண்பரின் அறையைக் கேட்டு வாங்கியிருந்தோம். தொடர்பு அறுந்தால் சரிசெய்ய நான் கமராவுக்குப் படாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். திரையில் தலை நரைத்த பேராசிரியர் ஒருவர் தோன்றி வணக்கம் சொன்னார். உடனே தாஸ் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பக்கத்துக்குத் தெரிந்தது அவருடைய இடுப்புப் பட்டி மட்டும்தான். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். அடுத்த கேள்வி வந்தது, மறுபடியும் எழுந்தார். நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அந்தப் புலமைப்பரிசில் கிடைக்கவில்லை. எழுந்ததுதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதன் பிறகு அவருடைய பதில்கள் தடுமாறியதை நான் கேட்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் சொன்னார்:

"ரஞ்சனி, எங்கப்பா சாப்பிட்டுக்கிட்டு இருப்பாரு. ரோட்டுல தோட்டத்துத் துரையோட ஜீப்பு சத்தம் கேக்கும். சோத்துக் கையோட எந்திரிச்சு நிப்பாரு. துரைக்கு எங்க வீட்டுக்குள்ள தெரியவே தெரியாது. ஆனாலும் நிப்பாரு. எனக்கு அப்பவே கோவம் வரும். இன்னைக்கு என்னடான்னா, எனக்கு முன்னால என் காலு எந்திரிச்சுருச்சு."

அதன் பிறகு அதை நினைத்து நான் சிரிக்கவில்லை. என் அப்பாவும் அப்படித்தான் நின்றார்.

அடுத்த முறை அழைப்பு வந்தது எனக்கு. "எந்திரிக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். "நம்ப முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய் ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை வாங்கி வந்து என் மடியில் வைத்தார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்களே என்று நான் கேலி செய்தேன். "ஊருக்குத்தான் அப்படி. நமக்கு மடியில கனம் இருந்தாத்தான் பயம் போகும்" என்றார். பேராசிரியர்கள் திரையில் வந்ததும் என் முழங்கால்கள் அசைந்தது உண்மை. பை விடவில்லை. எனக்கு இடம் கிடைத்தது. மறுவருடம் அதே யுக்தியால் அவருக்கும் கிடைத்தது.

போன இடத்திலும் கால் சும்மா இருக்கவில்லையாம். பேராசிரியர் அறைக்குள் வரும்போதெல்லாம் இவர் எழுவார். இவர் எங்கோ புறப்படுகிறார் என்று நினைத்து அந்த மனிதர் "சரி, பிறகு பேசலாம்" என்று திரும்பிப் போய்விடுவாராம். முதல் பருவம் முழுக்க ஆய்வைப் பற்றி ஒழுங்காகப் பேசவே முடியவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு கண்வரை போகாது.

பட்டம் முடித்து, அங்கேயே மேலாய்வும் செய்தார். இன்னும் இருக்கச் சொன்னார்கள். பதுளைக்கு வந்துவிட்டார். வந்த கையோடு, அதற்குள் படிப்பை முடித்துத் திரும்பியிருந்த என்னையும் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமை மண்டபத்தைத் தொடங்கினார். பூனாகலையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் பட்டதாரிகள் வருவார்கள். எங்கே என்ன புலமைப்பரிசில் இருக்கிறது, எந்தப் பேராசிரியருக்கு முதலில் எழுதுவது, குழந்தை பெற்றதால் ஆய்வில் விழுந்த இடைவெளியை எப்படி எடுத்துச் சொல்வது, எல்லாம் அங்கே பேசுவோம். எங்கள் பிள்ளைகள் பேராசிரியருக்கு எழுதினாலும் தோட்டத்து ஒப்பீசுக்கு மனுப்போடுகிற மாதிரியே எழுதுவார்கள். 'தயவு', 'கருணை', 'கெஞ்சிக் கேட்கிறேன்' எல்லாவற்றையும் தாஸ் வெட்டுவார்.

"அவங்க நமக்குத் தருமம் போடலைங்க. நம்ம மூளையை வேலைக்குக் கேக்குறாங்க. உக்காந்து பேசுங்க."

ஒத்திகையில் நான்தான் பேராசிரியர். கதவைத் திறந்துகொண்டு விறைப்பாக உள்ளே வருவேன். மடியில் பையோடு இருப்பவர் எழக் கூடாது. இடம் கிடைத்துப் போகிறவர் வீட்டில் அந்த அரிசியைச் சமைத்து எல்லாரும் சாப்பிடுவோம். பிறகு புதுப் பை வரும்.

அடக்கம் ஞாயிற்றுக்கிழமை. லயத்துக்கு முன்னால் தகரப் பந்தல் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். மண்டபத்துப் பிள்ளைகளும் நானும் முன்வரிசைக் கதிரைகளில் இருந்தோம். பாதர் வந்தார், நகர்ந்து இடம் விட்டோம். எங்கள் பல்கலைக்கழகப் பீடாதிபதி வந்தார், தலையசைத்தோம். அப்போது வளைவில் ஜீப் சத்தம் கேட்டது.

நான் எழுந்து நின்றேன். யாரும் சொல்லவில்லை. மலர்வளையத்தோடு ஒருவர் இறங்குவதைப் பார்ப்பதற்கு முன்பே நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் முன்வரிசை முழுவதும் நிற்கிறது. பின்வரிசையும் நிற்கிறது. சுகன்யாவும் நிற்கிறாள். வந்தவர் தோட்டத்தை நிர்வகிக்கும் இளம் துரை. எங்கள் மாணவர் வயதுதான் இருக்கும். தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு, "இருங்க, இருங்க" என்று கூச்சத்தோடு சொன்னார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வளையத்தை வைத்துத் தலைகுனிந்து நின்றார், போனார். ஜீப் வளைவைத் தாண்டும்வரை நாங்கள் யாரும் உட்காரவில்லை.

துக்க வீட்டு மரியாதை என்று சொல்லிச் சமாளிக்கலாம். பாதருக்கு ஏன் எழவில்லை? எனக்கு இரண்டு நாட்டுப் பட்டங்கள் இருக்கின்றன. தாஸின் தலைமாட்டில் நின்றுகொண்டு, அவர் ஆயுள் முழுக்கச் சொன்ன ஒரே ஒரு விஷயத்தில் நான் தோற்றேன். அவருடைய முகத்தைப் பார்க்கக் கூசியது. அந்தப் பந்தலில் எழாதவர் அவர் ஒருவர்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் சுகன்யா மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நானும் எந்திரிச்சிட்டேன். நாளைக்கு இன்டர்வியூவுல என்ன பண்ணப் போறேனோ..."

"நானுந்தான் எந்திரிச்சேன்" என்றேன்.

இன்றிரவு இதை எழுதி முடித்ததும் மண்டபத்துப் பையை எடுத்துத் துடைத்து வைக்க வேண்டும். நாளைக் காலையில் சுகன்யாவின் மடியில் அதை நானே வைப்பேன். எனக்கென்று இன்னொரு பையும் வாங்க வேண்டியிருக்கிறது.

போய் வாருங்கள், தாஸ். எல்லாரும் எழுந்து நின்றுதான் உங்களை வழியனுப்பினோம். அது உங்களுக்காக இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்களாவது நிம்மதியாக இருங்கள். அங்கே யார் வந்தாலும் எந்திரிக்காதீங்க.