வெட்டாற்றுக்கு அக்கரைப் பானை

எங்கள் ஊர்த் தங்கையனிடம் ஒரு துப்பாக்கியும் ஒரு வாயும் இருந்தன. இரண்டில் அதிக தூரம் போவது வாய்தான்.

அவன் அப்பா மிராசுதார் பண்ணையில் காவல் பார்த்தவர். பன்றியும் நரியும் விரட்டுவதற்காக மிராசுதாரே சிபாரிசு செய்து லைசென்ஸ் எடுத்துக் கொடுத்த மலிவு ரக பாயிண்ட் டூ டூ ரைபிள் அது. பிறகு மிராசுதார் நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனார். அப்பா மேலே போனார். துப்பாக்கி மட்டும் எங்கும் போகாமல் தங்கையன் பேருக்கு மாறி, அவன் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது.

அந்த மாதிரித் துப்பாக்கிக்குத் தோட்டா சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. வரப்பில் உட்கார்ந்து இருபத்தைந்து கெஜத்தில் சுட்டால், ஒரு ரூபாய்க் காசுக்குள் குண்டு விழும். யார் சுட்டாலும் விழும், நான்கூட அடித்திருக்கிறேன். ஐம்பது கெஜத்தில் அந்தக் காசு சாசராகிவிடும். நூறில் முறம். அதற்கும் அப்பால், வெட்டாற்றின் இக்கரையிலிருந்து அக்கரைக்குச் சுட்டால், குண்டு அரை ஆள் உயரம் தாழ்ந்து போகும். ஆனி மாதக் காற்று அதை ஒரு முழம் பக்கவாட்டில் தள்ளும். ஒரே பெட்டித் தோட்டாவில் ஒன்று விறைப்பாகவும் அடுத்தது சோம்பலாகவும் வெடிக்கும். மாட்டு வண்டியைக் குறிவைத்தால் வண்டியின் ஏதாவது ஒரு பக்கம் படலாம், படாமலும் போகலாம்.

இது தங்கையனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததைச் சொன்னால் டீக்கடையில் யார் கேட்பார்கள்?

"அக்கரையில நம்ம வாத்தியார் சைக்கிள்ல போறாரு. முன்னால ஒரு கெழவி. இவரு பெல்லடிக்க மறந்துட்டாரு. நான் இங்கேருந்தே பெல்லுல ஒண்ணு வெச்சேன். ணங்! கெழவி ஒதுங்கிட்டா. வாத்தியார் கையத் தூக்கி நன்றி சொல்லிட்டுப் போறாரு."

"வாத்தியாருக்குத்தான் சைக்கிளே ஓட்டத் தெரியாதே!" என்பார் எதிர் பெஞ்சில் உட்காரும் வீரையன்.

"அன்னிக்குத்தான் கத்துக்கிட்டாரு."

இப்படியே பத்துப் பதினைந்து வருஷம். கேட்கக் கேட்க ஊர் சிரித்தது. சிரிக்கச் சிரிக்க, பாதியை நம்பவும் செய்தது.

மேட்டூர் திறக்காமல் குறுவை பொய்த்துப்போன ஒரு வருஷம் தங்கையன் வெளிநாடு போக முடிவு செய்தான். துபாயில் கடை வைத்திருந்து, அப்போது லீவில் ஊருக்கு வந்திருந்த பக்கீர் முகம்மது பாய்க்குக் கிடங்கைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் தேவைப்பட்டது. தங்கையனின் மனைவி அம்சம் பாயின் வீட்டுக்கே போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தாள். விசா வந்துவிடும், பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. அம்சம் அப்போதே பெட்டி வாங்கிவிட்டாள்.

அந்த வாரம்தான் அக்கரையில் மேயப் போன வீரையனின் எருமை நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. மாட்டு டாக்டர் அதன் தொடையிலிருந்து ஒரு சின்ன ஈயக் குண்டை எடுத்தார். சுற்று வட்டாரத்தில் அந்த ரகத் துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான்.

தங்கையன் மறுக்கவில்லை. அன்று சாயங்காலம் வறண்டு கிடந்த ஆற்று மணலில் ஓடிய நரியைப் பார்த்து ஒன்று விட்டிருக்கிறான். நரிக்குப் படவில்லை. குண்டு எங்கே போனதென்று அவன் யோசிக்கவுமில்லை. ஆனால் அதற்கு முந்தைய வாரம், எருமை அவன் கிணற்றடி நாற்றங்காலில் இறங்கியதற்காக இரண்டு பேரும் தெருவில் நின்று கத்தியதை ஊரே பார்த்திருந்தது.

புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் நியாயமானவர்.

"தவறிப் பட்டதுன்னா வைத்தியச் செலவைக் குடுத்துட்டு சமாதானமாப் போங்க. குறி வெச்சு அடிச்சிருந்தா கேஸு. கேஸுன்னா பாஸ்போர்ட் கெடையாது."

"குறி வெச்சா அந்தத் தூரத்துல இது எதையும் அடிக்காதுங்க" என்றான் தங்கையன்.

"சைக்கிள் பெல்லை அடிக்குமாமே?"

தங்கையன் கழுத்தைத் திருப்பி டீக்கடை ஆட்களைப் பார்த்தான். இத்தனை வருஷமாக அவன் சொன்னதைக் காசு கொடுக்காமல் கேட்டவர்கள், இப்போது ஒரு சொல் விடாமல் போலீசுக்கு ஒப்பித்திருந்தார்கள். தேங்காயின் காம்பு, வாத்தியாரின் பெல், பறக்கிற கொக்கின் வாயிலிருந்த மீன், எல்லாமே.

"அதெல்லாம் சும்மா சொன்னதுங்க."

"அப்ப இதையும் சும்மா சொல்றியோ என்னவோ."

சுட்டுப் பார்த்தே முடிவு செய்வதென்று, மறுநாள் காலை அக்கரையில் எருமை நின்ற இடத்தில் ஒரு மண்பானையைக் கவிழ்த்து வைத்தார்கள். அந்தப் பக்கம் ஆள் நடமாட்டத்தைக் கான்ஸ்டபிள் நிறுத்தினார். இக்கரையில் தேர்க் கூட்டம். பக்கீர் முகம்மது பாய் குடையுடன் வந்து நின்றார், அவருக்கு முடிவு தெரிந்தாக வேண்டும்.

தங்கையன் சுட்டான். பானைக்கு முன்னால் மணல் தெறித்தது.

"வேணும்னே தாழ்த்திச் சுடுறான் சார்!" என்றார் வீரையன்.

இன்னொன்று. அது இடதுபுறம் கருவேலத்துக்குள் போயிற்று.

"பாருங்க, பாருங்க, மூஞ்சிய எவ்வளவு அப்பாவியா வெச்சிருக்கான்!"

அப்போதுதான் தங்கையனுக்கு வியர்த்தது. பானை உடைந்தால் குற்றவாளி, உடையாவிட்டால் நடிகன். நேர்மையாகக் குறிதவறுவதை ஒருவன் எப்படி நிரூபிப்பது? அவன் துப்பாக்கியைச் சப்-இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான்.

"நீங்களே சுடுங்க ஐயா. நீங்க நடிக்க மாட்டீங்கல்ல."

அவருக்கும் ஆசைதான். மணல் மூட்டை ஒன்றைப் போடச் சொல்லி, குப்புறப் படுத்து, குழலை அதன் மேல் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று குண்டு விட்டார். ஒன்று மணலில், ஒன்று பனைமரத்தில். மூன்றாவது எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. நாகூருக்குப் போயிருக்கலாம். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். முகம் சிவந்திருந்தது.

"இது துப்பாக்கி இல்லய்யா, ஒட்டடைக் கம்பு. இத வெச்சு எருமையக் குறி பார்த்து அடிச்சான்னு எழுதினா, கோர்ட்டுல என்னையப் பாத்துச் சிரிப்பாங்க. வீரையன், வைத்தியச் செலவை வாங்கிக்கய்யா. முடிஞ்சுது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய். "தம்பி, பெட்டியக் கட்டிரு."

அம்சம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

வீரையன்தான் விடவில்லை. "ஏண்ணே, எங்க வீட்டுல ஒரே ஒட்டடை. ஊருக்குப் போறதுக்குள்ள கம்பத் தூக்கிக்கிட்டு ஒரு நடை வந்துட்டுப் போங்க."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. டீக்கடைக்காரன் குந்தி உட்கார்ந்து சிரித்தான். "ணங்!" என்று எவனோ வாயால் மணியடித்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் திருப்பிக் கொடுத்த துப்பாக்கி தங்கையன் கையில் இருந்தது. உள்ளே ஒரு தோட்டா மிச்சம். அது அவனுக்குத் தெரியும். அம்சத்துக்கு அவனைத் தெரியும். ஓடிவந்து சட்டையைப் பிடித்தாள்.

"ஏங்க, வாங்க, போகலாம். சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. வாங்கன்னா!"

அவன் சட்டையை உதறிவிட்டு நின்றபடியே தூக்கினான். பானைக்கு மேலே அரை ஆள் உயரம், காற்று வரும் பக்கம் ஒரு முழம். நூறு தடவை அப்படிச் சுட்டிருந்தால் தொண்ணூற்றொன்பது தடவை மணல்தான் தெறித்திருக்கும்.

பானை தூள்தூளானது.

தங்கையன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பிறகு அவன் கண் அம்சத்தின் மேல் விழுந்தது. அவள் மணலில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"நான் சொல்லல சார்?" என்று கத்தினார் வீரையன். கோபமா பெருமையா என்று அவருக்கே தெரியாத குரல். "எங்க ஊர் ஆளு சார் அவன்!"

சப்-இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை வாங்கி ஜீப்பில் வைத்தார். "ஏன்யா சுட்ட?" என்று மட்டும் கேட்டார்.

பாய் குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். பிறகு மெதுவாக வீரையன் பக்கம் போனார்.

"ஒங்க பெரிய பையனுக்குப் பாஸ்போர்ட் இருக்கா?"

வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்தது. மாதத்துக்கு ஒருமுறை தஞ்சாவூர் கோர்ட்டுக்குப் போய்வரும் பஸ்தான் தங்கையன் செய்த வெளியூர்ப் பயணம். கடைசியில் சாட்சிகள் சலித்துப்போய் வராததால் விடுதலையானான். அதற்குள் துபாய்க்குப் போகிற வயது தாண்டிவிட்டது. வீரையன் மகனோ கிடங்கிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து கணக்குக்கும் உயர்ந்து, ஊரில் மாடி கட்டினான்.

லீவில் வரும்போதெல்லாம் அவன் சிநேகிதர்களை அழைத்துக்கொண்டு தங்கையன் வீட்டுக்கு வருவான். "மாமா, அந்தப் பானைக் கதையச் சொல்லுங்க."

"அது குருட்டாம்போக்குல பட்டதுப்பா. சத்தியமா. அந்தத் துப்பாக்கியால அவ்வளவு தூரம் அடிக்கவே முடியாது" என்பான் தங்கையன். இப்போது அவன் பொய் சொல்வதே இல்லை.

"பாத்தியாடா, எவ்வளவு அடக்கம்!" என்பார்கள் அவர்கள்.

உள்ளேயிருந்து அம்சம் டம்ளர்களை நங்கென்று வைக்கும் சத்தம் கேட்கும். "நடந்ததத்தான் சொல்றாரு, நம்புங்க" என்பாள். அவளையும் யாரும் நம்புவதில்லை.